துடிப்புத் தவறும் நெஞ்சும் தூங்கவிடாத பயமும்: வயதானவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

"உங்கட இதயத்துடிப்பு ஒழுங்கில்லை" என்று கிளினிக்கில் சொன்ன நாளிலிருந்து வயதானவர்கள் பலருக்கு வருத்தம் இரண்டாகிவிடுகிறது. ஒன்று ஈ.சி.ஜி. தாளில் விழும். மற்றது எந்த மெஷினிலும் விழாது. இடது பக்கம் சரிந்து படுத்தால் காதுக்குள் கேட்கும் துடிப்பு, அடுத்தது வருமா என்ற காவல், இரவில் தனியாக எழும்பிப் போகத் தயக்கம், பிள்ளைகளை எழுப்பலாமா வேண்டாமா என்ற கணக்கு. முதலாவதற்குக் குளிசை உண்டு. இரண்டாவதற்கு "யோசிக்காதேங்கோ" என்ற புத்திமதியைத் தவிர வீட்டில் யாரும் ஒன்றும் தருவதில்லை.

இது அந்த இரண்டாவதைப் பற்றியது. என் அம்மாவோடு திருகோணமலையில் கிளினிக்குக்குப் போய் வந்து பழகியதில் எனக்கு ஒன்று உறுதியாகிவிட்டது. பயத்தை அடக்கச் சொல்லிப் பயனில்லை. இரவு இரண்டு மணிக்கு எடுக்க வேண்டிய முடிவைப் பகல் பத்து மணிக்கே எடுத்து எழுதி வைத்துவிட வேண்டும். அப்போது பயம் வந்தாலும் அதற்குச் செய்ய அதிகம் வேலை இருக்காது.

1. உங்கள் வருத்தத்தின் பெயரைக் கேட்டு எழுதுங்கள்

"துடிப்புப் பிழை" என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அதற்குள் பல வகை உண்டு, ஒவ்வொன்றின் ஆபத்தும் வேறு. இடையில் ஒரு துடிப்பு விட்டு அடுத்தது பலமாக இடிப்பது போல இருப்பது பெரும்பாலும் எக்டோபிக் துடிப்பு. இதயம் மற்றபடி நன்றாக இருந்தால் இதனால் பெரிய கெடுதல் வருவதில்லை. திடீரென்று வேகமாக, ஆனால் சீராக ஓடித் திடீரென்று நிற்பது எஸ்.வி.ரி. துடிப்பு மிக மெதுவாகித் தலைசுற்றி விழுவது வேறு கதை, அதற்குத்தான் பேஸ்மேக்கர் வைக்கிறார்கள்.

வயதானவர்களிடம் அதிகம் காண்பது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், சுருக்கமாக ஏ.எஃப். இதயத்தின் மேல் அறைகளில் ஒரே இடத்திலிருந்து வரவேண்டிய மின்சமிக்ஞை, கல்யாண வீட்டுப் பந்தலில் எல்லாரும் ஒரேயடியாகக் கதைப்பது போல நாலாபக்கத்திலிருந்தும் கிளம்புகிறது. நிமிடத்துக்கு 350க்கு மேல் வரும் அந்தச் சமிக்ஞைகளில் ஒரு பகுதியைத்தான் நடுவில் உள்ள கணு கீழ் அறைகளுக்கு விடும். அதனால் நாடி வேகமாகவும் தாறுமாறாகவும் இருக்கும். மேல் அறை ஒழுங்காகச் சுருங்காததால் இரத்தம் அங்கே தேங்கி உறையலாம். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பாரிசவாதம். ஏ.எஃப். உள்ளவர்களுக்கு அந்த ஆபத்து மற்றவர்களைவிட ஏறத்தாழ 5 மடங்கு என்பது பல காலமாகத் தெரிந்த விஷயம்.

இதை ஏன் இவ்வளவு விளக்குகிறேன் என்றால், பெரும்பாலானவர்கள் பயப்படுவது "இதயம் நின்றுவிடும்" என்றுதான். ஏ.எஃப். துடிப்பு அப்படிச் சட்டென்று நின்றுபோவது வழக்கமில்லை. உண்மையில் பயப்பட வேண்டியது இரத்தக் கட்டிக்கு, அதைத் தடுக்கக் குளிசை இருக்கிறது. பயத்தைச் சரியான இடத்துக்கு நகர்த்தினாலே பாதி இலேசாகிவிடும். அடுத்த கிளினிக்கில் கேளுங்கள்: "எனக்கு எந்த வகை? வந்து வந்து போகிறதா, நிரந்தரமா?" பதிலை டொக்டரிடமே கொப்பியில் எழுதச் சொல்லுங்கள்.

2. ஒரு பக்கத் திட்டம்

முழு வழிகாட்டியிலும் ஒன்றை மட்டும்தான் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். ஒரு வெள்ளைத் தாளில், கண்ணாடி போடாமலே வாசிக்கக்கூடிய பெரிய எழுத்தில் இவற்றை எழுதுங்கள்:

- வருத்தத்தின் பெயர், ஒத்துவராத மருந்துகள்
- சாப்பிடமுன், சாப்பிட்டபின் என்று நேரத்தோடு எல்லா மருந்தும், மில்லிகிராம் அளவோடு
- இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையின் கடைசி எண்ணும் திகதியும் (வார்ஃபரின் என்ற இரத்தம் உறையாத குளிசை எடுப்பவர்கள்)
- வழக்கமான நாடி எத்தனை, எத்தனைக்கு மேல் அல்லது கீழ் போனால் ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும்
- படபடப்பு வந்தால் கூடுதலாகக் குளிசை எடுக்கலாமா, கூடாதா
- முதலில் யாரைக் கூப்பிடுவது, அவர் எடுக்காவிட்டால் யாரை
- 1990

நாலாவதும் ஐந்தாவதும் உங்கள் டொக்டர் மட்டும் சொல்லக்கூடியவை. அயல் வீட்டுக்காரரின் எண் உங்களுக்குப் பொருந்தாது. 1990 என்பது சுவசெரிய இலவச அம்புலன்ஸ். வீட்டு வாசலுக்கே வரும். அதனால் "இந்த நேரத்தில ஓட்டோ பிடிக்கிறது யார்?" என்ற கவலையைத் தாளிலிருந்தே அடித்துவிடலாம். வீட்டுக்கு வழி சொல்ல ஒரு அடையாளத்தையும் எழுதி வையுங்கள். கோயிலா, பள்ளிவாசலா, பள்ளிக்கூடமா, கடற்கரைப் பக்கமா என்று. பதற்றத்தில் சொந்த வீதியின் பெயரே மறந்துபோகும்.

தாளை ஃபிரிட்ஜ் கதவிலோ கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரிலோ ஒட்டுங்கள். சுவாமி அறை அலுமாரிக்குள் பத்திரமாக வைக்க வேண்டாம். பத்திரமாக வைத்த எதையும் இரவில் தேடிக் கண்டுபிடிக்க முடிவதில்லை.

3. நாடி பார்ப்பதற்கும் ஒரு அளவு

ஐந்து நிமிடம் கதிரையில் சாய்ந்திருங்கள். பெருவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் மற்றக் கையின் மூன்று விரலை மெல்ல வைத்து, விநாடி முள் உள்ள மணிக்கூட்டைப் பார்த்து முழு 60 விநாடி எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குவது சீரான நாடிக்குச் சரி, ஏ.எஃப். நாடிக்குப் பிழையான கணக்கு வரும். எண்ணையும், "சீர்" அல்லது "சீரில்லை" என்பதையும் எழுதுங்கள்.

காலையில் ஒருமுறை, தேவையென்றால் மாலையில் ஒருமுறை. அவ்வளவுதான். கழுத்தில் விரல் வைத்து அழுத்திப் பார்க்க வேண்டாம், வயதானவர்களுக்கு அது தலைசுற்றலைக் கொண்டுவரலாம். அரை மணிக்கொருதரம் பார்ப்பவருக்கு நாடி ஏறத்தான் செய்யும், பார்க்கும் பதற்றமே ஏற்றிவிடும்.

பிரஷர் மெஷினும் விரலில் மாட்டும் ஒக்சிமீட்டரும் கோவிட் காலத்தோடு பல வீடுகளுக்கு வந்துவிட்டன. துடிப்பு ஒழுங்கில்லாதபோது இவை காட்டும் எண் தாவும். ஒரு தடவை 150, மறுதடவை 128 என்று பிரஷர் காட்டினால் மெஷின் பழுதில்லை, உங்களுக்கு ஏதோ நடந்துவிட்டது என்றும் இல்லை. ஓரிரு நிமிட இடைவெளியில் மூன்று தடவை எடுத்துச் சராசரியைக் குறியுங்கள். பேரப்பிள்ளை வாங்கித் தந்த ஸ்மார்ட் வாட்ச் இரவெல்லாம் அதிர்ந்து எழுப்பினால் இரவில் கழற்றி வைத்துவிடுங்கள். டொக்டர் கேட்டு அணிந்தால் வேறு விஷயம்.

4. இரவில் வந்துவிட்டது. இப்போது?

இது வரிசையாகச் செய்ய வேண்டியது, அதனால் வரிசையாகவே சொல்கிறேன்.

லைட்டைப் போடுங்கள். சடாரென்று எழும்பாமல் முதலில் கட்டிலின் ஓரத்தில் கால் தரையில் படும்படி இருங்கள். பிரஷர் குளிசை எடுப்பவர்கள் படுக்கையிலிருந்து துள்ளி எழும்பினால் தலைசுற்றி விழுவார்கள், அந்த விழுகை சில வேளை படபடப்பைவிட ஆபத்து. இறுக்கமான உடுப்பைத் தளர்த்தி, சில மிடறு தண்ணீர் குடியுங்கள்.

அடுத்து ஆபத்துக் குறிகளைப் பாருங்கள். நெஞ்சு நோவு அல்லது இறுக்கம், ஒரு வசனம் முடிக்க முடியாத மூச்சுத்திணறல், மயக்கம், உடம்பு சில்லிட்டு வியர்த்துக் கொட்டுதல், இவற்றில் ஒன்று இருந்தாலும் மேலே வாசிக்க வேண்டாம், 1990. அதேபோல முகம் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை தூக்க வராவிட்டாலோ, பேச்சுக் குழறினாலோ உடனே கூப்பிடுங்கள். பாரிசவாதத்துக்குக் கட்டியைக் கரைக்கும் ஊசி வழக்கமாக நாலரை மணித்தியாலத்துக்குள் போட வேண்டியது. "விடியட்டும்" என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்க அங்கே நேரம் இல்லை. எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதையும் குறித்து வையுங்கள், ஆஸ்பத்திரியில் முதலில் கேட்பது அதைத்தான்.

குறிகள் ஒன்றும் இல்லையா? சரி, ஐந்து நிமிடம் மூச்சு. மூக்கால் நாலு எண்ணும்வரை உள்ளே, ஆறு எண்ணும்வரை மெதுவாக வெளியே. நிமிடத்துக்கு ஆறு மூச்சளவில் வரும். வெளியே விடுவது நீளமாக இருப்பதுதான் முக்கியம், இதயத்தை ஆறவைக்கும் வேகஸ் நரம்பை அது தூண்டுகிறது. மூச்சைப் பிடித்து வைக்க வேண்டாம். பழகிய பிராணாயாமமாக இருந்தாலும் கும்பகத்தை விட்டுவிடுங்கள். மூச்சால் ஏ.எஃப். நின்றுவிடும் என்று யாரும் உறுதி தர முடியாது. பயத்தால் ஏறிய அட்ரினலின் இறங்கும், நாடியும் அதோடு கொஞ்சம் இறங்கும்.

இப்போது ஒரே ஒரு தடவை நாடி பாருங்கள். தாளில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். எல்லைக்கு வெளியே என்றால் தாளில் எழுதியபடி நடவுங்கள். உள்ளே என்றால் நேரத்தை எழுதிவிட்டு, தலையணையைக் கொஞ்சம் உயர்த்தி வலது பக்கம் சரிந்து படுங்கள். நீங்கள் புதிதாக முடிவெடுக்க ஒன்றும் இல்லை, அதைப் பகலிலேயே எடுத்துவிட்டீர்கள். இன்னொரு குளிசையைச் சுயமாகப் போட்டுக்கொள்ளாதீர்கள், மற்றவரின் தூக்கக் குளிசையைக் கேட்டு வாங்கவும் வேண்டாம்.

5. பகலில் பழகினால்தான் இரவில் வரும்

மூச்சுப் பயிற்சியைப் படபடப்பு வரும்போது முதன்முதலாகச் செய்து பார்ப்பது வேலைக்கு ஆகாது. பின்னேரம் விறாந்தையில் இருக்கும்போது பத்து நிமிடம், தினமும். தேவாரமோ செபமாலையோ திக்ரோ உங்களுக்கு வழக்கமென்றால் அதன் இழுப்போடு மூச்சைச் சேர்த்துவிடுங்கள், தனியாக எண்ண வேண்டியதில்லை. அமெரிக்காவில் கன்சாஸ் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வொன்றில், வந்து போகும் ஏ.எஃப். உள்ளவர்கள் மூன்று மாதம் யோகா செய்தபோது படபடப்பு வந்த தடவைகளும் மனப்பதற்றமும் குறைந்தன. சிறிய ஆய்வு, மருந்தின் இடத்தில் யோகாவை வைக்கவும் அது சொல்லவில்லை. ஆனாலும் செலவில்லாத ஒன்றுக்கு இது போதிய காரணம் என்பது என் அபிப்பிராயம்.

நடையைப் பற்றி. துடிப்புப் பிழை என்றதும் பலர் கதிரையோடு ஒட்டிவிடுகிறார்கள். டொக்டர் தடை சொல்லாவிட்டால் நடக்கத்தான் வேண்டும். டச்சுக்குடாக் கடற்கரையோரம், உட்துறைமுக வீதி இரண்டும் சமதரை, விடியக் காற்றும் நல்லது. நடந்துகொண்டே பக்கத்தில் வருபவரோடு கதைக்க முடிய வேண்டும், அதுதான் வேகத்தின் அளவு. கோணேசர் கோயிலுக்குப் பிரெட்ரிக் கோட்டை வாசலிலிருந்து ஏறுவது வேறு. ஏற்றம் மெதுவாகத் தெரியும், மேலே போனபின்தான் மூச்சு கணக்குக் கேட்கும். கோட்டைக்குள் மான்களைப் பார்க்கிற சாட்டில் நின்று நின்று ஏறுங்கள், முடியாதென்றால் ஓட்டோவில் போய் இறங்குங்கள். கோணேசர் கோபிக்கமாட்டார்.

கன்னியா வெந்நீர் ஊற்றில் குளிப்பவர்கள், சூட்டில் இரத்தக்குழாய் விரிந்து பிரஷர் இறங்கும் என்பதை நினைவில் வையுங்கள். அங்குள்ள கிணறுகளில் இதமானதோடு, சில வாளியோடு நிறுத்தி, துவட்டியபின் கொஞ்சம் இருந்து எழும்புங்கள். கூட ஆள் இருக்கட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஷெல் சத்தத்துக்குப் பதுங்கியவர்கள், 2004 டிசம்பர் 26 அன்று கடல் ஏறி வந்ததைக் கண்டவர்கள்தான் இன்று எங்கள் ஊரில் இந்தக் கிளினிக் வரிசையில் இருக்கிறார்கள். அன்று ஓடியபோது நெஞ்சு இடித்த இடியும் இன்று ஏ.எஃப்.பில் வரும் இடியும் உடம்புக்கு ஒன்றாகவே தெரியலாம். படபடப்போடு பழைய காட்சிகளும் வந்தால் பைத்தியம் பிடிக்கிறது என்று நினைக்க வேண்டாம். டொக்டரிடம் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதற்குத் தனி வைத்தியம் உண்டு.

6. குளிசைகள் தரும் கவலை

வார்ஃபரின் எடுப்பவர்களின் பெரிய கவலை ஐ.என்.ஆர். ஏ.எஃப். உள்ள பெரும்பாலானோருக்கு 2க்கும் 3க்கும் இடையில் நிற்க வேண்டும். செயற்கை வால்வு உள்ளவர்களுக்கு வேறு. கீரை கூடாது என்று வீட்டில் முருங்கையிலை, வல்லாரை, பொன்னாங்காணி எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார்கள். தேவையில்லாத தண்டனை. கீரையில் உள்ள விற்றமின் கே வார்ஃபரினுக்கு எதிராக வேலை செய்வது உண்மை, அதனால்தான் அளவு வாரத்துக்கு வாரம் மாறக்கூடாது. கிழமையில் மூன்று நாள் கீரை என்றால் எல்லாக் கிழமையும் மூன்று நாள். அந்த அளவுக்கு ஏற்ப டோஸை டொக்டர் சரிசெய்வார்.

குளிசையை எண்ணிக்கையால் ஞாபகம் வைக்காமல் மில்லிகிராமால் வையுங்கள். 2022 நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது ஒரு தடவை ஒரு கம்பனி, அடுத்த தடவை வேறொன்று என்று நிறமும் அளவும் மாறி வந்ததைக் கண்டிருப்பீர்கள். "இரண்டு" என்று மட்டும் தெரிந்தவருக்கு அது ஆபத்து. முழங்கால் நோவுக்குப் பார்மசியில் டைக்லோஃபெனாக் கேட்டு வாங்காதீர்கள், இரத்தம் உறையாத மருந்தோடு சேர்ந்தால் வயிற்றுக்குள் கசியலாம். பனடோல் அளவோடு போதும். நாட்டு மருந்து எடுத்தால் மறைக்காமல் சொல்லுங்கள். தடிமனுக்கு வாங்கும் சில மருந்துகளும் இழுப்புக்கான பம்பும் நாடியை ஏற்றும் என்பதால் அவற்றையும் கேட்டே எடுங்கள்.

நாடியைக் குறைக்கும் பீட்டா புளொக்கர் வகைக் குளிசை தொடங்கியபின் களைப்பு, கை கால் குளிர்தல், எதிலும் பிடிப்பில்லாமை வருவதுண்டு. வயதாகிவிட்டது என்று பேசாமல் இருந்துவிடாதீர்கள், டோஸை மாற்றலாம். நீங்களாகச் சட்டென்று நிறுத்தினால் துடிப்பு முன்னைவிட வேகமாகத் திரும்பி வரும்.

தலை அடிபட்டால், வெளியில் ஒன்றும் தெரியாவிட்டாலும், இரத்தம் உறையாத மருந்து எடுப்பவர் ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும்.

7. கிளினிக் நாள்

பலருக்கு நாடி அதிகமாக ஏறும் நாள் இதுதான். மூதூர், கிண்ணியா, குச்சவெளிப் பக்கமிருந்து வருபவர்கள் விடியமுன்னே வெளிக்கிட்டு, நம்பர் எடுத்து, மணிக்கணக்கில் வாங்கில் இருக்கிறார்கள். காலைக் குளிசையை எடுக்காமல் வருவது வழமையாகிவிட்டது. வெறும் வயிற்று இரத்தப் பரிசோதனை இல்லையென்றால் குளிசையும் சாப்பாடும் வழக்கம்போல் எடுத்துக்கொண்டு வாருங்கள். தண்ணீர்ப் போத்தல், பிஸ்கட், விசிறி, கொப்பி, தாள். சலம் போகும் குளிசையை மட்டும் பயணத்தை நினைத்து எந்நேரம் எடுப்பது என்று முதலே கேட்டு வையுங்கள்.

உள்ளே கிடைப்பது சில நிமிடம். கேட்க மூன்று கேள்வியை எழுதி வையுங்கள், அதிக பயம் எதுவோ அது முதலில். டொக்டர் சிங்களத்தில் கதைப்பவராக இருந்து உங்களுக்கு அது ஓடாவிட்டால், தலையாட்டிவிட்டு வராதீர்கள். தாதியிடமோ கூட வந்தவரிடமோ மொழிபெயர்க்கச் சொல்லுங்கள். விளங்காமல் வந்த ஒரு சொல் வீட்டில் ஒரு மாதம் பயமாக வளரும்.

8. சாப்பாடு, வெயில், விரதம்

தேத்தண்ணியை நிறுத்திவிட்டு முகத்தைத் தொங்கப் போட்டிருக்கும் முதியவர்களைக் கண்டால் எனக்குப் பாவமாக இருக்கும். அளவான தேத்தண்ணி ஏ.எஃப்.பைக் கூட்டுவதாகத் தெரியவில்லை. சீனியைக் குறையுங்கள், பின்னேரத்துக்குப் பிறகு தவிருங்கள், தூக்கத்துக்காக. சாராயமும் கள்ளும் அப்படியல்ல, ஒரே நாள் அதிகமாகக் குடித்ததே துடிப்பைக் குழப்பப் போதும். குறட்டை பலமாக விட்டு இடையில் மூச்சு நின்று திணறுபவராக இருந்தால் அதைச் சொல்லுங்கள், அதுவும் ஏ.எஃப்.பைக் கிளப்பும் காரணங்களில் ஒன்று.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் வியர்வை தெரியாமலே உடம்பு வற்றும். நீர் வற்றினால் துடிப்பு குழம்பும். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் குடியுங்கள், இதயம் பலவீனம் என்று தண்ணீரை அளந்து தந்திருந்தால் அந்த அளவுக்குள். இளநீரில் பொட்டாசியம் அதிகம், சில பிரஷர் குளிசைகளோடு அது ஒத்துவராது, ஒருதரம் கேட்டுவிடுங்கள்.

கந்தசஷ்டியோ நோன்போ வரமுன் டொக்டரிடம் போங்கள், தொடங்கியபின் வேண்டாம். ஒருநாளைக்கு இரண்டு தடவைக் குளிசையை நோன்பு திறக்கும் நேரத்துக்கும் ஸஹருக்கும் மாற்ற முடியுமா என்பது மருந்தைப் பொறுத்தது. முடியாதவர்களுக்கு விரதத்திலும் நோன்பிலும் விலக்கு உண்டு என்பதைப் பெரியவர்களே நன்றாக அறிவார்கள்.

9. மனம் சோர்ந்துவிட்டால்

இரண்டு கிழமைக்கு மேல் தூக்கம், சாப்பாடு, ஆசை எல்லாம் விட்டுப்போனாலும், "இருந்து என்ன பயன்" என்று கதை வந்தாலும் அது வயதின் இயல்பல்ல. ஆஸ்பத்திரியின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். 1926 தேசிய உளநல உதவி இலக்கம், அதற்கும் அழைக்கலாம். மனச்சோர்வுக் குளிசை தந்தால் வார்ஃபரின் எடுப்பதைச் சொல்லுங்கள், சிலவற்றோடு இரத்தக் கசிவு கூடும்.

10. வீட்டாரும் வெளிநாட்டுப் பிள்ளைகளும்

"ஒண்டுமில்லை, பயப்படாதேங்கோ" என்பதைவிட, "நான் இருக்கிறன், தாளைப் பாப்பம் வாங்கோ" என்பது வேலை செய்யும். படபடப்பு வந்தவர் முன்னால் நீங்கள் ஓடித் திரிந்தால் அவருக்கு நாடி இன்னும் ஏறும். எல்லா வேலையையும் அவரிடமிருந்து பறிக்கவும் வேண்டாம். பூக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவதும் மீன்காரரோடு விலை பேசுவதும் அவரிடமே இருக்கட்டும்.

கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் பிள்ளைகளிடம் வருத்தத்தை மறைப்பது எங்கள் பெரியவர்களின் பழக்கம். மறைத்தால், வட்ஸ்அப்பில் குரல் மாறியதைக் கேட்டே அவர்கள் பதறி, ஒருவர் மாறி ஒருவர் அழைத்துக்கொண்டிருப்பார்கள். அந்த ஒரு பக்கத் தாளைப் படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பிவிடுங்கள். யார் எடுத்தாலும் ஒரே பதில், ஒரே எண். ரொறொன்ரோவில் மத்தியானம் இரண்டு மணிக்கு ஓய்வாக எடுத்தால் இங்கே நள்ளிரவை நெருங்கிவிடும், போன் அடித்ததும் நெஞ்சு துள்ளும். அவர்களுக்கு இரவு ஒன்பது மணி என்றால் இங்கே காலை ஆறரை, குளிர்காலத்தில் ஏழரை. அந்நேரம் காலை நாடி எண்ணி முடிந்து எழுதியிருக்கும், கேட்டால் சொல்லலாம்.